ஐஸ் ஹவுஸில் அதிக நாள் குடியிருந்தது யார்?

திருவல்லிக்கேணிப் பக்கம் போகிற யாரும் "ஐஸ் அவுஸ்" என்ற பெயரைக் கேட்காமல் திரும்ப முடியாது. பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பேர், போலீஸ் ஸ்டேஷனுக்கு அந்தப் பேர், அந்த ஏரியாவுக்கே அந்தப் பேர். ஆனால் பெயருக்குக் காரணமான கட்டிடத்தின் வாசலில் போய் நின்றால் பலகையில் வேறு பெயர் இருக்கும்: விவேகானந்தர் இல்லம். காமராஜர் சாலையில், மெரினாவைப் பார்த்தபடி, முன்பக்கம் உருண்டையாக, அடுக்கு வைத்த கேக் மாதிரி நிற்கிறதே, அந்தக் கட்டிடம்தான்.

ஒரு பெயர், அங்கே முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விற்ற ஒரு சரக்கால் வந்தது. இன்னொன்று, ஒன்பது நாள் தங்கிய ஒரு விருந்தாளியால் வந்தது. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டிடத்தின் காலக்கோட்டை எக்செல்லில் போட்டுப் பார்த்தபோது (தொழில் பழக்கம், எதையும் வரிசை போட்டுத்தான் பார்க்கத் தோன்றும்) ஒரு விஷயம் உறுத்தியது. 1917 முதல் 1993 வரை, கிட்டத்தட்ட 76 வருஷம், அது பெண்கள் தங்கிப் படித்த இடம். அவர்கள் பெயரில் அங்கே ஒரு பஸ் நிறுத்தம்கூட இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். ஆனால் ஐஸை விட்டுவிட்டு நேராக அங்கே போக முடியாது. அந்தக் கதை அவ்வளவு ருசியானது.

திண்டிவனத்துக்காரனுக்கு மெட்ராஸ் கட்டிடத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: நம்ம மாவட்டம் இந்தக் கதையில் இரண்டு இடத்தில் வருகிறது. ஒரு தடவை ரயில் வழியாக, ஒரு தடவை கடல் வழியாக. வரும்போது சொல்கிறேன்.

பாஸ்டன் நகரத்தில் பிரெடரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி. குளிர்காலத்தில் அந்த ஊர்க் குளங்கள் எல்லாம் உறைந்து கல்லாகிவிடும். அதை வெட்டி வெயில் நாடுகளில் விற்றால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1806இல் கரீபியன் கடலில் உள்ள மார்டினிக் தீவுக்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊரே சிரித்தது. நஷ்டம். அடுத்த சில வருஷங்களில் கடனுக்காக ஜெயிலுக்கும் போனார். ஆள் விடவில்லை.

அவருடைய வியாபாரத்தின் சூட்சுமம், ஒன்றுக்கும் ஆகாத மூன்று விஷயங்களை ஒன்று சேர்த்ததுதான் என்பேன். குளத்து ஐஸுக்கு விலை கிடையாது. அதைச் சுற்றி அடைக்க மரத்தூள் வேண்டும். அறுப்பு மில்களில் அது குப்பை. மூன்றாவது, கப்பல். பாஸ்டனிலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் இங்கிருந்து அவுரியும் தோலும் ஏற்றிக்கொண்டு போகத்தான் வரும். வரும்போது கொண்டுவரப் பெரிய சரக்கு இல்லை. காலிக் கப்பல் கடலில் ஆடும் என்பதால் அடியில் கல்லைப் போட்டுக்கொண்டு வருவார்கள். கல்லுக்குப் பதில் ஐஸ் ஏற்றினால் கப்பல்காரனுக்கு என்ன நஷ்டம்? கூலி மலிவாகக் கிடைத்தது.

1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனில் கிளம்பி, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி, நாலு மாசம் கழித்துக் கல்கத்தா போய்ச் சேர்ந்தது. சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. நம்ப முடியவில்லை இல்லையா? இதில் மாயம் ஒன்றும் இல்லை, பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இரட்டிப்பாக்கினால் அதன் கொள்ளளவு எட்டு மடங்கு ஆகும், மேற்பரப்பு நாலு மடங்குதான் ஆகும். வெப்பம் நுழைவது மேற்பரப்பு வழியாக. ஆகவே குவியல் பெரிசாகப் பெரிசாக உருகும் விகிதம் குறையும். டியூடரின் கூட்டாளி நத்தேனியல் வையத் 1825 வாக்கில் குதிரை பூட்டி ஐஸ் வெட்டும் கருவி ஒன்றைச் செய்தார். கட்டிகள் எல்லாம் ஒரே அளவில் வந்தன. இடைவெளி இல்லாமல் செங்கல் மாதிரி அடுக்க முடிந்தது. காற்று புக வழி இல்லை. வெளியே மரத்தூள். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். தோரோவின் 'வால்டன்' குளத்து ஐஸ்தான் மெட்ராஸுக்கு வந்தது என்று இணையத்தில் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். 1846–47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் அந்தக் குளத்தில் ஐஸ் வெட்டியது உண்மை. மெட்ராஸ்காரர்களும் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பார்கள் என்கிற தொனியில் தோரோ எழுதியதும் உண்மை. ஆனால் அதே புத்தகத்தில், அதே அத்தியாயத்தில், அந்தக் குவியலில் ஒரு பகுதியைத்தான் எடுத்துப் போனார்கள், மீதி அங்கேயே வெயிலில் கிடந்து 1848 செப்டம்பரில்தான் முழுசாக உருகியது என்றும் அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை! மெட்ராஸுக்கு வந்தது பாஸ்டன் சுற்றுவட்டாரத்துக் குளங்களின் ஐஸ், அவ்வளவு சொல்லலாம். எனக்கு என்னவோ, மூடாமல் வெயிலில் போட்ட ஐஸ் ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது என்கிற தகவல்தான் பெரிய ஆச்சரியம். மேலே சொன்ன கணக்குக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று ஊரிலும் டியூடர் ஐஸுக்குக் கிடங்குகள் எழுந்தன. மெட்ராஸில் கட்டியது 1842 வாக்கில். மற்ற இரண்டும் இப்போது இல்லை. நம்மூர்க் கிடங்கு மட்டும் நிற்கிறது.

கடற்கரையில் கட்டியதற்குக் காரணம் காற்றோ அழகோ இல்லை. அன்று மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை மசூலாப் படகுகளில் இறக்கி, அலையில் ஏறி இறங்கிக் கரை சேர்ப்பார்கள். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். அதில் ஐஸ் கட்டிகள் வந்ததை நினைத்துப் பாருங்கள். கரையில் இறங்கிய நிமிஷத்திலிருந்து ஒவ்வொரு கஜமும் நஷ்டம். அதனால்தான் கிடங்கு கரையோரத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. கனத்த சுவர், ஜன்னல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வெளிச்சமும் காற்றும் உள்ளே வரக் கூடாது என்பதற்காகவே வடிவமைத்த கட்டிடம்.

1864இல் டியூடர் இறந்தார். அடுத்த பத்து வருஷத்தில், 1874இல், மெட்ராஸிலேயே நீராவி முறையில் ஐஸ் தயாரிக்கும் கம்பெனி வந்துவிட்டது. உள்ளூரிலேயே செய்ய முடிகிற பொருளைப் பூமியைச் சுற்றிக் கொண்டுவருவதில் அர்த்தமில்லை. வியாபாரம் படுத்தது.

மெட்ராஸ் உயர்நீதிமன்ற வக்கீல் பிலிகிரி ஐயங்கார் கிடங்கை வாங்கினார். ஜன்னல்களைத் திறந்தார், சுற்றிலும் வளைவான வராந்தாக்கள் எடுத்தார், நீதிபதி கெர்னனின் பெயரில் 'கேசில் கெர்னன்' என்று பெயர் வைத்துக் குடிவந்தார். சரக்குக் கிடங்கு கடற்கரை பங்களா ஆனது இப்படித்தான். நாம் இன்று பார்க்கும் முகம் பெரும்பாலும் அவர் கொடுத்த முகம். மனுஷன் உள்ளே நுழையக் கூடாது என்று கட்டியதை மனுஷன் வாழ்வதற்காக மாற்றுவது லேசான வேலை இல்லை. பழைய சாஃப்ட்வேரை வேறு தேவைக்கு மாற்றி எழுதிய எவருக்கும் அந்தக் கஷ்டம் புரியும். ஆனாலும் காற்றோட்டம் போதவில்லை என்றே சொல்கிறார்கள். வீட்டில் ஒரு பகுதியை ஏழை மாணவர்கள் தங்குவதற்கு விட்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வீட்டுக்குத்தான் 1897 பிப்ரவரி 6ஆம் தேதி விவேகானந்தர் வந்தார். 1893இல் அவரை அமெரிக்கா அனுப்பப் பணம் திரட்டியவர்களில் முக்கியமானவர் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த அளசிங்கப் பெருமாள். போன இடத்தில், சிகாகோ மாநாட்டுக்கு முன்னால், செலவைக் குறைக்க அவர் போய்த் தங்கியது பாஸ்டன் பக்கம். ஹார்வர்டு பேராசிரியர் ரைட் அறிமுகக் கடிதம் கொடுத்ததும் அந்தப் பகுதியில் வைத்துத்தான். பாஸ்டனிலிருந்து வந்த ஐஸுக்காகக் கட்டிய வீட்டில், மெட்ராஸ்காரர்கள் அனுப்பிப் பாஸ்டனைப் பார்த்துவிட்டு வந்த ஆள் தங்குகிறார். யாரும் திட்டமிட்டதில்லை, தற்செயல்தான். ஆனால் நன்றாக இருக்கிறது.

ரயில் விஷயம் சொன்னேனே. கொழும்பிலிருந்து பாம்பன், ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் என்று கூட்டங்களில் பேசிக்கொண்டு வந்தவர், கும்பகோணத்தில் ரயிலேறி மெட்ராஸ் வந்தார். விருத்தாசலம் வழியாகப் போகும் கார்டு லைன் அப்போது கிடையாது, அது 1920களில் வந்தது. அன்றைக்குக் கும்பகோணத்திலிருந்து மெட்ராஸ் போக இருந்த ஒரே தடம் மாயவரம், சிதம்பரம், கடலூர், விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு. இன்றும் மெயின் லைன் என்கிறோமே, அதே பாதை. ஆக அந்த ரயில் நம்ம இரண்டு ஸ்டேஷனையும் தாண்டித்தான் போயிருக்கிறது. மெட்ராஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷனில், ரயில் நிற்காது என்று தெரிந்ததும் ஜனங்கள் தண்டவாளத்திலேயே படுத்து அதை நிறுத்தினார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. எழும்பூரில் இறங்கியபோது இளைஞர்கள் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துப் போனார்கள்.

14ஆம் தேதி வரை ஒன்பது நாள். விக்டோரியா பப்ளிக் ஹால் உட்படப் பல இடங்களில் பேசினார். மெட்ராஸில் நிலையாக ஒரு மடம் வேண்டும் என்று பக்தர்கள் கேட்க, தன் சகோதரத் துறவி ராமகிருஷ்ணானந்தரை அனுப்பிவைத்தார். தென்னிந்தியாவின் முதல் ராமகிருஷ்ண மடம் அதே மார்ச் மாதத்தில் தொடங்கி, இந்தக் கட்டிடத்திலும் நடந்தது. 1902இல் பிலிகிரி ஐயங்கார் காலமானார். 1906இல் வீடு ஏலத்துக்கு வந்து கைமாறியது. ராமகிருஷ்ணானந்தர் அதே வளாகத்தின் அவுட்ஹவுஸில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு 1907இல் மயிலாப்பூர் போனார்.

இனி அந்த 76 வருஷம்.

சுப்பலட்சுமி 1886இல் மெட்ராஸில் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம், கொஞ்ச நாளில் விதவை. அன்றைய பிராமணக் குடும்பங்களில் இதற்கு அடுத்த அத்தியாயம் எல்லோருக்கும் தெரியும்: தலையை மழித்து, ஒற்றைப் புடவையைச் சுற்றி, மூலையில் உட்கார வைத்து, சமையலறையில் சம்பளமில்லாத ஆளாக ஆக்குவது. அவருடைய அப்பா சுப்பிரமணிய ஐயர் அதற்கு ஒப்பவில்லை. மகளைப் படிக்க வைத்தார். தானும் சிறுவயதில் விதவையான சித்தி வாலாம்பாள் கூடவே நின்றார். 1911இல் சுப்பலட்சுமி பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் வாங்கினார். ஒரு பிராமண விதவை பி.ஏ. படித்தது அன்று ஊர் முழுக்கப் பேச்சு.

அடுத்த வருஷமே எழும்பூரில், தன் வீட்டிலேயே நாலு சிறுமிகளோடு விதவைகளுக்கான விடுதியை ஆரம்பித்தார். விடுதி என்று சொல்வதைவிட, படிக்கத் துணிந்த பெண்ணுக்கு ஒரு பாய் விரிக்க இடம் என்று சொல்வது சரியாக இருக்கும். பெண் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அரசாங்கத்தில் அவருக்காக வாதாடினார். அரசுக்கும் ஒரு கணக்கு இருந்தது: பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் வேண்டும். கல்யாணமான பெண்ணை வேலைக்கு அனுப்ப மாட்டார்கள், கல்யாணத்துக்கு முன்னால் வேலைக்குப் போகிற வயதே வருவதில்லை. மிஞ்சியது விதவைகள். சமூகம் மூலையில் உட்காரவைத்த ஆட்களைக் கல்வித்துறை தேடிப்போனது. கரிசனமும் தேவையும் ஒரே நேரத்தில் ஒரே கதவைத் தட்டின.

எண்ணிக்கை கூடக்கூட இடம் போதவில்லை. 1917இல் அரசு கடற்கரைக் கட்டிடத்தை எடுத்துக்கொண்டது, விதவையர் இல்லம் அங்கே குடியேறியது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விதவை எதிரில் வந்தால் அபசகுனம் என்று வீட்டின் பின்கட்டில் அடைத்து வைத்திருந்த காலம். அந்தச் சிறுமிகள் கடலைப் பார்த்த வளைவு வராந்தாக்களில், மாலையில் பட்டணமே உலாத்த வரும் சாலைக்கு எதிரே, புத்தகத்தோடு நிற்கிறார்கள். வெளிச்சம் உள்ளே வராமலிருக்கக் கட்டிய கட்டிடத்தின் எந்த வேலையும் இதற்குப் பக்கத்தில் வராது என்பது என் கட்சி.

இதில் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது 'பிராமண விதவையர் இல்லம்'. பெயரிலேயே கதவு யாருக்கு என்று எழுதியிருந்தது. அரசுப் பணத்தில் ஒரு சாதிக்கு மட்டும் விடுதியா என்ற கேள்வி, நீதிக்கட்சி எழுந்த அந்தக் காலத்தில் நியாயமான கேள்வி. சனாதனக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அனுப்பச் சம்மதிக்க வேண்டும் என்றால் சமையலும் பந்தியும் அவர்கள் ஆசாரப்படி இருந்தாக வேண்டும் என்பது சுப்பலட்சுமியின் நடைமுறைக் கணக்கு. எனக்கு அது புரிகிறது. அதற்காக அந்தக் கேள்வி காணாமல் போய்விடாது. பின்னால் அவர் தொடங்கிய சாரதா வித்யாலயாவும் மற்ற பள்ளிகளும் வட்டத்தை விரித்தன.

1922இல் பக்கத்து வளாகத்திலேயே லேடி வெல்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி வந்தது. முதல் முதல்வர் சுப்பலட்சுமிதான். இங்கே தங்கிப் பக்கத்தில் படித்து ஆசிரியையாக வெளியே போகலாம். அப்படிப் போனவர்கள் கையில் சம்பளத்தோடு போனார்கள், அதுதான் விஷயம். பெண்ணின் கல்யாண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1929இல் வருவதற்கு முன்னால் விசாரித்த குழுவின் முன்பும் அவர் சாட்சி சொன்னார். 1952 முதல் 1956 வரை மேலவை உறுப்பினர், 1958இல் பத்மஸ்ரீ. 1969இல் மறைந்தார். ஊரில் எல்லோரும் கூப்பிட்டது 'சிஸ்டர்' என்று.

விதவையர் இல்லம் 1941 வரை அங்கே இருந்தது. பிறகு 1993 வரை ஆசிரியப் பயிற்சி மாணவியர் விடுதி. இடையில் 1963இல், விவேகானந்தர் நூற்றாண்டின்போது, அரசு கட்டிடத்துக்கு இன்றைய பெயரைச் சூட்டியது. அதற்குப் பிறகும் முப்பது வருஷம் உள்ளே இருந்தது மாணவிகள்தான்! 1997 பிப்ரவரியில், அவர் வந்த நூறாவது வருஷத்தில், கட்டிடம் குத்தகைக்கு ராமகிருஷ்ண மடத்திடம் வந்தது. பழுது பார்த்து, 1999 டிசம்பரில் கண்காட்சி திறந்தார்கள். பராமரிப்பைக் குறை சொல்ல முடியாது. சென்னையில் அந்த வயதுள்ள அரசுக் கட்டிடங்கள் பலவற்றின் கதியை நினைத்தால் இது கொடுத்துவைத்த கட்டிடம். அவர் தங்கிய மாடி அறையில் இன்று தியானம் செய்யலாம். இன்னொரு வேடிக்கை: சுப்பலட்சுமியின் சாரதா வித்யாலயாவும் பின்னாளில் ராமகிருஷ்ண மிஷன் நிர்வாகத்துக்குத்தான் போனது. ஆக இரண்டு கதைகளும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. ஒரே பலகையில் இரண்டு பெயரும் எழுத இடம் தாராளமாக இருக்கிறது.

பாக்கி இருப்பது கடல். ஐஸ் இறங்கிய காலத்தில் அலை எவ்வளவு பக்கத்தில் இருந்ததோ அந்தக் கணக்கு இன்று செல்லாது. இப்போது வாசலில் நின்றால் காமராஜர் சாலை, உள்சாலை, அப்புறம் சில நூறு மீட்டர் மணல், அதற்கும் அந்தப் பக்கம்தான் தண்ணீர். காரணம், 1870களில் தொடங்கிய துறைமுக வேலை. நம் கரையில் கடல் நீரோட்டம் மணலை வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். குறுக்கே கல்சுவர் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். மெட்ராஸில் தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையைப் பறிகொடுத்தன. ஐஸ் ஹவுஸ் சுவரின் தெற்கே இருந்தது, பிழைத்தது.

நம்ம மாவட்டம் வடக்கே இருக்கிறது. 1980களின் கடைசியில் புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். புதுச்சேரி நகரத்தின் மணல் கரை போய்க் கருங்கல் கரை ஆனது. கல்லைக் கொட்டினால் அரிப்பு நிற்காது, அடுத்த ஊருக்கு நகரும். நகர்ந்தது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வானூர் வட்டத்துக் குப்பங்களில் வலை காயப்போட்ட மணலும், வீடுகளும், தென்னைகளும் கடலுக்குள் போயிருக்கின்றன. அந்த வீடுகளில் யார் தங்கினார்கள் என்று எழுதிவைக்க எந்த ஆவணமும் கிடையாது.

சென்னை போகிறவர்கள் விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் பக்கத்து வளாகத்தின் வாசலையும் ஒரு நிமிஷம் பாருங்கள். அங்கே லேடி வெல்லிங்டன் இன்றும் நடக்கிறது, ஆசிரியை ஆகப் படிக்கிற பெண்கள் இன்றும் அந்த வாசல் வழியாகத்தான் போய்வருகிறார்கள்.